பட்டறை ஒளியின் வரலாறு: மெழுகுவத்தி முதல் எல்.இ.டி. வரை

பட்டறை ஒளி என்பது கைத்தொழிலோ எந்திரத் தொழிலோ நடைபெறும் இடத்தில் வேலைப் பொருளையும் கருவியையும் தெளிவாகக் காண்பதற்காக அமைக்கப்படும் வெளிச்சத்தைக் குறிக்கும். வீட்டுக் கூடத்தில் மனத்துக்கு இதமாக இருந்தால் போதும் என்று விளக்கைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டறையில் விளக்கு தவறினால் அளவு தவறும், நிறம் தவறும், சில வேளைகளில் விரலும் தவறும். இன்று வண்டி நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையில் வேலை மேசை, துளையிடும் எந்திரம், சாணை எந்திரம் ஆகியவற்றை வைத்து வீட்டிலேயே சிறு பட்டறை நடத்துவோர் பலர். அவர்கள் கடைக்குச் சென்று ஓர் எல்.இ.டி. விளக்கை வாங்கும்போது, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளில் கற்றுக்கொள்ளப்பட்ட பாடங்கள் அந்த ஒரு தேர்வில் அடங்கியிருக்கின்றன.

பகல் ஒளியும் நீர்க்குடுவையும்

செயற்கை ஒளி மலிவாவதற்கு முன்பு பட்டறை வேலை பெரும்பாலும் பகல் வேலையே. நெசவாளர், தச்சர், பொற்கொல்லர், கடிகாரம் செய்வோர் எனக் கண்ணை நம்பித் தொழில் செய்தோர் அனைவரும் சன்னலோரத்தையோ திண்ணையையோ நாடினர். இருட்டிய பின் எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியுமே துணை.

மெழுகுவத்தியின் சிறு ஒளியை வேலை நடக்கும் இடத்தில் குவிப்பதற்கு ஐரோப்பியக் கைவினைஞர்கள் எளிய உத்தி ஒன்றைக் கையாண்டனர். உருண்டையான கண்ணாடிக் குடுவையில் நீரை நிரப்பி அதைச் சுடருக்கு முன்னால் வைத்தனர். நீர் நிறைந்த குடுவை குவிவில்லையைப் போலச் செயல்பட்டு, ஒளியை ஒரு சிறு வட்டத்தில் குவித்தது. பின்னல் சரிகை செய்த இங்கிலாந்துப் பெண்களும், ஜெர்மனி போன்ற நாடுகளின் செருப்புத் தைக்கும் தொழிலாளரும் இதைப் பயன்படுத்தினர். ஒரே மெழுகுவத்தியைச் சுற்றிப் பல குடுவைகளை நிறுத்திப் பலர் ஒன்றாக வேலை செய்வதும் உண்டு. அறை முழுவதையும் வெளிச்சமாக்க முடியாத நிலையில், வேலை நடக்கும் இடத்தை மட்டும் வெளிச்சமாக்குவது என்ற கருத்து இங்கே தெளிவாகக் காணப்படுகிறது. இன்றைய மேசை விளக்கின் அடிப்படையும் இதுவே.

1780ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எமே ஆர்காண்ட் என்பவர் எண்ணெய் விளக்கைத் திருத்தி அமைத்தார். குழல் வடிவத் திரியின் உட்புறமும் வெளிப்புறமும் காற்றுப் படும்படி செய்து, மேலே கண்ணாடிச் சிம்னியைப் பொருத்தினார். எண்ணெய் முழுமையாக எரிந்ததால் புகை குறைந்தது. ஒரு விளக்கே பல மெழுகுவத்திகளுக்கு ஈடாக ஒளி தந்தது.

வாயு விளக்கும் நீண்ட வேலை நாளும்

ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் முர்டாக், போல்டன்–வாட் நீராவி எந்திர நிறுவனத்தில் பணியாற்றியவர். நிலக்கரியைச் சூடாக்கிக் கிடைத்த வாயுவைக் கொண்டு 1792ஆம் ஆண்டில் கார்ன்வால் பகுதியின் ரெட்ரூத் நகரிலிருந்த தம் வீட்டில் விளக்கேற்றினார். பின்னர் அந்நிறுவனத்தின் சோஹோ வார்ப்பாலையிலும் வாயு விளக்குகள் எரிந்தன.

இதன் பெரிய சோதனை சால்ஃபோர்டு நகரில் பிலிப்ஸ்–லீ பஞ்சாலையில் நடந்தது. 1805ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த வேலையைப் பற்றி முர்டாக் 1808ஆம் ஆண்டில் லண்டன் ராயல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் கணக்குகளைத் தந்துள்ளார். அந்த ஆலையில் 904 வாயுச் சுடர்கள் இருந்தன. அவற்றின் மொத்த ஒளி 2,500 மெழுகுவத்திகளுக்குச் சமம். ஓராண்டுக்கான வாயுச் செலவு சுமார் 600 பவுண்டு; அதே ஒளியை மெழுகுவத்தியால் பெற 2,000 பவுண்டு ஆகியிருக்கும். மெழுகுவத்தியைப் போலத் தீப்பொறி சிதறாததால் தீ விபத்து அச்சமும் குறைந்தது. பஞ்சு பறக்கும் ஆலையில் இது சிறிய நன்மையன்று.

ஆனால் இந்தக் கணக்கில் வராத ஒரு செலவும் இருந்தது. குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாட்டில், அதுவரை சூரியன் வேலை நேரத்துக்கு ஓர் எல்லையை வைத்திருந்தது. மலிவான ஒளி அந்த எல்லையை எடுத்துவிட்டது. ஆலைகள் இரவிலும் ஓடின. சிறுவரும் அந்த ஒளியில் வேலை செய்தனர். 1833ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் 18 வயதுக்கு உட்பட்டோர் இரவு எட்டரை மணி முதல் காலை ஐந்தரை மணி வரை வேலை செய்வதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. சூரியன் வகுத்திருந்த எல்லையை இப்போது சட்டம் வகுக்க வேண்டி வந்தது.

19ஆம் நூற்றாண்டின் ஆலைக் கட்டடங்களில் ரம்பப் பல் வடிவக் கூரையும் பரவியது. கூரையின் செங்குத்தான பக்கத்தில் கண்ணாடியைப் பதித்து, அதை வடக்கு நோக்கி அமைத்தனர். வட அரைக்கோளத்தில் வடக்கிலிருந்து நேர் வெயில் பெரும்பாலும் விழாது. நிழல் குறைந்த, சீரான வான ஒளி மட்டும் வரும். இந்தக் கூரையைத் தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளிலும் காணலாம். ஆயினும் தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கோடையில் சில மாதங்கள் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து செல்லும். ஐரோப்பாவுக்குப் பொருந்திய விதி இங்கே முழுமையாகப் பொருந்துவதில்லை.

1885ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் வாயு விளக்குக்கான மேன்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். சில அரிய தனிமங்களின் உப்பில் நனைத்த துணிக்கூடு, சுடரின் வெப்பத்தில் வெண்மையாக ஒளிர்ந்தது. தமிழ்நாட்டில் மின்சாரம் எட்டாத ஊர்களில் திருமணப் பந்தல்களிலும் இரவுச் சந்தைகளிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு, இதே மேன்டில் தத்துவத்தில் மண்ணெண்ணெய் ஆவியைக் கொண்டு இயங்கியதே.

மின்விளக்கின் வருகை

ஜோசஃப் ஸ்வான் இங்கிலாந்திலும் தாமஸ் எடிசன் அமெரிக்காவிலும் 1879ஆம் ஆண்டையொட்டிக் கார்பன் இழை விளக்கை நடைமுறைக்கு ஏற்றதாக்கினர். சுடர் இல்லாததால் காற்று கெடவில்லை, புகை இல்லை, மரத்தூளும் பஞ்சும் பறக்கும் இடத்தில் தீ அச்சமும் குறைந்தது. ஆனால் கார்பன் இழை ஒரு வாட் மின்சாரத்துக்குச் சில லூமன் ஒளியையே தந்தது. லூமன் என்பது ஒரு விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அலகு. 1910ஆம் ஆண்டளவில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன் பிறகே குண்டு பல்பு உறுதியானதாகவும் சிக்கனமானதாகவும் மாறியது. ஆயினும் பிற்காலத்து 60 வாட் குண்டு பல்பு கூட ஏறத்தாழ 700 லூமன் ஒளிதான் தந்தது. எடுத்துக்கொண்ட மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணானது.

1901ஆம் ஆண்டில் பீட்டர் கூப்பர் ஹெவிட் என்ற அமெரிக்கர் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். நீளமான கண்ணாடிக் குழல் முழுவதும் ஒளிர்ந்ததால் கடுமையான நிழல் விழவில்லை. அச்சுக்கூடங்களிலும் எந்திரப் பட்டறைகளிலும் இது இடம்பெற்றது. ஆனால் அந்த நீலப்பச்சை ஒளியில் சிவப்பு நிறம் ஏறத்தாழ இல்லை. அதனால் சிவப்புப் பொருள் கருமையாகத் தெரிந்தது. மனித முகம் உயிரற்றது போலக் காட்சியளித்தது. வெளிச்சம் மிகுதியாக இருந்தும் நிறம் தெரியாமற்போகலாம் என்பதைத் தொழிலாளர் இந்த விளக்கின் கீழ் நேரடியாகக் கண்டனர். பிற்காலத்தில் நிறங்காட்டுத் திறன் என்ற அளவுகோல் உருவானதற்குப் பின்னணியில் இருந்த சிக்கல் இதுவே.

தென்னிந்தியாவில் பட்டறைகளுக்கு மின்சாரம் பரவியதில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்துக்கு முக்கியப் பங்குண்டு. 1930களின் தொடக்கத்தில் அத்திட்டத்தின் மின்சாரம் கோயம்புத்தூர்ப் பகுதியை அடைந்த பின், அங்கே பஞ்சாலைகள் பெருகின. அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் வளர்ந்தன. இப்பகுதியில் எந்திரத்தை ஓட்டிய அதே மின்கம்பியே பட்டறைக்கு விளக்கையும் கொண்டுவந்தது.

ஹாதோர்ன் ஆய்வு தந்த எச்சரிக்கை

வெளிச்சம் கூடினால் உற்பத்தியும் கூடும் என்று 1920களில் விளக்குத் தொழில் சார்ந்தோர் வலியுறுத்தினர். இதைச் சோதிக்க அமெரிக்காவின் சிகாகோ அருகே சிசரோ நகரில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை ஒளி குறித்த ஆய்வுகள் நடந்தன. விளைவு எவரும் எதிர்பாராதது. வெளிச்சத்தைக் கூட்டியபோது உற்பத்தி கூடியது. கூட்டாத பிரிவிலும் கூடியது. ஒரு சோதனையில் ஒளியை நிலவொளி அளவுக்குக் குறைத்தபோதும் பணியாளர் தம் வேலையளவைத் தக்கவைத்துக்கொண்டனர்.

தாம் கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே இதற்குக் காரணம் என்று பிற்காலத்தில் பலர் விளக்கினர். அந்த விளக்கத்தைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. ஆயினும் ஒளியைப் பொறுத்தவரை இரண்டு பாடங்கள் நிலைத்தன. முதலாவது, வெளிச்சத்தின் அளவை மட்டும் உயர்த்துவதால் வேலை தானாக மேம்படுவதில்லை. இரண்டாவது, மனிதர் மங்கிய ஒளியிலும் முயன்று வேலையை முடித்துவிடுவர். அந்த முயற்சியால் கண்ணுக்கும் உடலுக்கும் ஏற்படும் களைப்பு உற்பத்திக் கணக்கில் தெரிவதில்லை. வீட்டுப் பட்டறையில் மங்கிய பல்பின் கீழ் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, இதுவே போதும் என்று எண்ணுவோருக்கும் இது பொருந்தும்.

குழல் விளக்கும் நின்றதுபோல் தோன்றும் சக்கரமும்

1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒளிரும் குழல் விளக்கு விற்பனைக்கு வந்தது. குழலுக்குள் பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடும். குழலின் உட்புறம் பூசிய ஒளிர்பொருள் அதைக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக மாற்றும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரவும் பகலும் இயங்கிய ஆயுதத் தொழிற்சாலைகள் இதனைப் பெருமளவில் ஏற்றன. நான்கு அடி நீளக் குழல் அதன் பின்னர் உலகெங்கும் பட்டறையின் அடையாளமாயிற்று. தமிழ்நாட்டில் சோக், ஸ்டார்ட்டர் ஆகியவற்றுடன் கூடிய 40 வாட் ட்யூப் லைட் இரண்டு தலைமுறைகளுக்குப் பழக்கமானது.

இந்த விளக்கு ஒரு புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. இந்திய மின்சாரம் ஒரு நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுதிசை மின்னோட்டம். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரு முறை உச்சத்தை அடைவதால், சோக்கில் இயங்கும் குழல் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண் இதை உணராது. ஆனால் சுழலும் பொருளின் மேல் இந்த ஒளி விழும்போது ஒரு மாயத்தோற்றம் உண்டாகிறது.

லேத் எந்திரத்தில் நான்கு தாடைகள் கொண்ட சக் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். அது நொடிக்கு 25 சுற்று ஆகும். விளக்கின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் சக் சரியாகக் கால் சுற்றுச் சுற்றும். ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்து நிற்கும். நான்கும் ஒன்றுபோல் இருப்பதால், சக் அசையாமல் நிற்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். மூன்று தாடை சக் என்றால் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இதே தோற்றம் வரும். பல மின்மோட்டார்களின் வேகம் 1,500க்குச் சற்றுக் குறைந்து 1,440 சுற்று அளவில் இருக்கும். அந்த மோட்டாரின் தண்டில் நேரடியாகப் பொருத்திய நான்கு ஆரைச் சக்கரம், பின்னோக்கி மெதுவாக நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றுவது போலத் தோன்றும். நின்றுவிட்டது அல்லது மெதுவாகச் சுற்றுகிறது என்று எண்ணி ஒருவர் கையை நீட்டினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பல எந்திரங்கள் ஒரே நேரத்தில் இரையும் பட்டறையில் ஓசையைக் கொண்டு எது ஓடுகிறது என்று அறிவதும் கடினம்.

தொழிற்சாலைப் பொறியாளர்கள் இதற்கு மூன்று தீர்வுகளைக் கண்டனர். இரட்டைக் குழல் விளக்கில் ஒரு குழலின் சுற்றில் மின்தேக்கியைச் சேர்த்தனர்; ஒரு குழல் மங்கும்போது மற்றது ஒளிர்ந்தது. பெரிய கூடங்களில் அடுத்தடுத்த விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு முனைகளில் இணைத்தனர். லேத்தின் மேலேயே குறைந்த மின்னழுத்தத்தில் எரியும் குண்டு பல்பு ஒன்றைப் பொருத்தினர். பல்பின் இழை சூடாகவே இருப்பதால் அதன் ஒளி அவ்வளவாகத் துடிப்பதில்லை. ட்யூப் லைட் எரியும் பட்டறையிலும் லேத்தின் தலையில் ஒரு சிறு மஞ்சள் பல்பு எரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பின்னாளில் மின்னணுச் சோக் வந்து, விளக்கை நொடிக்கு 20,000 துடிப்புகளுக்கும் மேலான வேகத்தில் இயக்கியபோது இச்சிக்கல் பெரிதும் மறைந்தது.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொழிலாளர் வேலை செய்யும் இடங்களிலும் கடந்து செல்லும் இடங்களிலும் போதுமான, பொருத்தமான ஒளி இருக்க வேண்டும் என்று கூறியது. கண் கூசுவதையும், கண்களைப் பாதிக்கும் அல்லது விபத்தை உண்டாக்கும் நிழல்களையும் தடுக்க வேண்டும் என்றது. கண்ணாடிச் சன்னல்களின் இரு புறத்தையும் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் குறைந்தது பத்துத் தொழிலாளராவது இருந்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. வீட்டுக் கொட்டகையில் தனியாக வேலை செய்பவருக்கு இத்தகைய சட்டமும் ஆய்வாளரும் இல்லை. அங்கே விளக்கை வாங்குபவரே பொறியாளராகவும் ஆய்வாளராகவும் இருக்க வேண்டியுள்ளது.

எல்.இ.டி.யின் நீண்ட பாதை

எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடு 21ஆம் நூற்றாண்டில் திடீரென வந்த கண்டுபிடிப்பன்று. 1907ஆம் ஆண்டில் ஹென்றி ஜோசஃப் ரவுண்ட் என்ற ஆங்கிலேயர், சிலிக்கான் கார்பைடு படிகத்தில் மின்னழுத்தத்தைச் செலுத்தியபோது மஞ்சள் ஒளி தோன்றியதைச் சிறு குறிப்பாக வெளியிட்டார். 1920களில் ரஷ்யாவைச் சேர்ந்த ஓலெக் லோசெவ் இதனை விரிவாக ஆராய்ந்தார். அவர் 1942ஆம் ஆண்டில் லெனின்கிராடு முற்றுகையின்போது இறந்தார். அவருடைய ஆய்வும் நெடுங்காலம் கவனம் பெறவில்லை.

1962ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். 1972ஆம் ஆண்டில் ஜார்ஜ் கிராஃபோர்டு மஞ்சள் எல்.இ.டி.யை உருவாக்கினார். அக்கால எல்.இ.டி.க்கள் கணிப்பான்களின் எண்களையும் கருவிகளின் அடையாள விளக்குகளையும் காட்டப் பயன்பட்டன. நீல நிறம் இல்லாததால் வெள்ளை ஒளி கிடைக்கவில்லை.

நீல ஒளிக்குத் தேவையான காலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையின்றி வளர்ப்பது மிகக் கடினம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் அவர் மாணவர் ஹிரோஷி அமானோவும் 1980களில் இத்தடையைக் கடந்தனர். டொகுஷிமா மாவட்டத்தின் அனான் நகரில் இருந்த நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா தனியாக உழைத்து, 1993ஆம் ஆண்டில் பிரகாசமான நீல எல்.இ.டி.யை வெளிக்கொணர்ந்தார். 1996ஆம் ஆண்டில் நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசி வெள்ளை எல்.இ.டி.யை அதே நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பட்ட உஜாலா திட்டம் எல்.இ.டி. பல்பை ஏழை வீடுகளுக்கும் கொண்டுசென்றது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014ஆம் ஆண்டில் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016ஆம் ஆண்டில் 38 ரூபாயாகக் குறைந்தது. இத்திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டன. 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகளும் இதில் இடம்பெற்றன. மறுபுறம், பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், ஒளிரும் குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டுக்குள் படிப்படியாக நிறுத்த 2023ஆம் ஆண்டில் முடிவு செய்தன. பட்டறைகளில் எஞ்சியிருக்கும் ட்யூப் லைட்டுகளும் இனி எல்.இ.டி.க்கு வழிவிட வேண்டியவையே.

வீட்டுப் பட்டறைக்கான தேர்வு

மேற்கண்ட வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் இன்றைய தேர்வுக்கு ஒரு கேள்வியைத் தருகிறது.

முதல் கேள்வி அளவு பற்றியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ் எனப்படும். பட்டறையில் முரட்டு வேலைக்குச் சுமார் 300 லக்ஸ், நடுத்தர வேலைக்கு 500 லக்ஸ், நுண்ணிய வேலைக்கு 750 லக்ஸ் என்பது பொதுவான வழிகாட்டல். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட கொட்டகையின் பரப்பு 18 சதுர மீட்டர். 300 லக்ஸுக்கு 5,400 லூமன் வேலைத் தளத்தில் விழ வேண்டும். சுவர் ஈர்ப்பதும் தூசி மறைப்பதும் போக, விளக்கின் ஒளியில் ஏறத்தாழ 60 விழுக்காடு பயன்படும் என்று கொண்டால் 9,000 லூமன் தேவை. ஒன்று 2,000 லூமன் தரும் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் ஐந்து இதற்குப் போதும். பழைய 40 வாட் ட்யூப் லைட் ஒன்று சோக்கின் இழப்பையும் சேர்த்து 50 வாட் அளவுக்கு மின்சாரம் எடுத்தது. ஆகவே நான்கு விளக்குகளுக்கு 200 வாட் செலவான இடத்தில் இப்போது 80 வாட் போதும். பெட்டியில் வாட் எண்ணை மட்டும் பார்க்காமல் லூமன் எண்ணைப் பார்க்க வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அடிப்பது செலவில்லாத இன்னொரு விளக்குக்குச் சமம்.

இரண்டாவது கேள்வி இடம் பற்றியது. கொட்டகையின் நடுவே ஒரே விளக்கை மாட்டினால், சுவரோர மேசையில் வேலை செய்பவரின் நிழல் வேலைப் பொருளின் மேலேயே விழும். விளக்குகளை மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, இரு திசைகளிலிருந்தும் ஒளி வரும்படி அமைப்பது நல்லது. வண்டியின் முகப்பைத் திறந்து பார்ப்பதற்கு நடுக்கூரை விளக்கு உதவாது. இரு பக்கச் சுவரோரமும் வரிசையாக மாட்டிய விளக்குகளே உதவும். நுண்ணிய வேலைக்கு மடக்கித் திருப்பக்கூடிய மேசை விளக்கு ஒன்று தனியே வேண்டும். அக்கால நீர்க்குடுவை செய்த பணியை இன்று அது செய்கிறது. கூரை மின்விசிறிக்கு மேலே விளக்கை மாட்டக் கூடாது. இறக்கைகளின் நிழல் மேசையின் மேல் வெட்டி வெட்டி ஓடும். சுழலும் கருவியுடன் வேலை செய்வோருக்கு அது கவனத்தைச் சிதைக்கும்.

மூன்றாவது கேள்வி நிறம் பற்றியது. நிறங்காட்டுத் திறனுக்கு 100 என்பது முழு மதிப்பு. 80க்குக் குறைந்த விளக்கைப் பட்டறைக்குத் தவிர்ப்பது நல்லது. வண்ணம் பூசுவோர், மரத்தின் நிறத்தைப் பொருத்துவோர், மின்கம்பிகளின் சிவப்பு, பழுப்பு, ஆரஞ்சு உறைகளைப் பிரித்தறிய வேண்டியோர் ஆகியோருக்கு 90 அல்லது அதற்கு மேல் வேண்டும். கெல்வின் என்ற எண் ஒளியின் சாயலைக் குறிக்கும். 2,700 என்றால் குண்டு பல்பின் மஞ்சள் சாயல். 6,500 என்றால் நீலம் கலந்த வெண்மை. பட்டறைக்கு 4,000 முதல் 5,000 வரை பலருக்கும் ஏற்றது. கெல்வின் கூடினால் நிறம் நன்றாகத் தெரியும் என்பது தவறான எண்ணம். சாயலும் நிறங்காட்டுத் திறனும் வெவ்வேறானவை.

நான்காவது கேள்வி துடிப்பு பற்றியது. வரலாறு மிகுந்த எச்சரிக்கை தருவது இங்கேதான். எல்.இ.டி. தானாகத் துடிப்பதில்லை, அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் எனப்படும் சுற்றே அதைத் துடிக்கவோ சீராக எரியவோ செய்கிறது. விலையைக் குறைப்பதற்காக மின்னோட்டத்தைச் சீராக்கும் பகுதியைச் சுருக்கிய டிரைவரில், எல்.இ.டி. நொடிக்கு 100 முறை ஏறக்குறைய முழுவதும் அணைந்து எரியும். பழைய ட்யூப் லைட்டின் ஒளிர்பொருளில் சிறிதளவாவது ஒளி தங்கி நின்றது, எல்.இ.டி.யில் அதுவும் மிகக் குறைவு. ஆகவே மட்டமான எல்.இ.டி. விளக்கு, ட்யூப் லைட்டைவிடக் கடுமையான மாயத்தோற்றத்தை உண்டாக்கக்கூடும். வாங்குவதற்கு முன் எளிய சோதனை ஒன்றைக் கடையிலேயே செய்து பார்க்கலாம். விளக்கின் கீழே ஒரு பென்சிலைப் பக்கவாட்டில் வேகமாக ஆட்ட வேண்டும். பென்சில் ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் ஒளி சீரானது. விசிறி விரித்தது போலத் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அது துடிக்கும் விளக்கு. லேத், வட்ட ரம்பம், சாணை எந்திரம் இருக்கும் இடத்துக்கு ஆகாது. கைப்பேசிக் கேமராவில் பார்க்கும்போது ஓடும் கறுப்புப் பட்டைகளும் இதையே காட்டும்.

ஐந்தாவது கேள்வி ஆயுள் பற்றியது. எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் முதலில் பழுதாவது டிரைவர். அதிலுள்ள மின்தேக்கிகள் வெப்பத்தில் விரைவில் உலர்ந்துவிடும். தகரக் கூரையின் அடியில் கோடைப் பகலில் தேங்கும் வெப்பம் விளக்கின் ஆயுளைக் குறைக்கும். ஆதலால் விளக்கைக் கூரையோடு ஒட்டாமல் சங்கிலியில் தொங்கவிட்டுக் காற்றோட்டம் தருவது நல்லது. மரத்தூளும் உலோகத்தூளும் பறக்கும் இடத்தில் தூசி புகாதபடி மூடிய, ஐ.பி. 65 தரம் குறித்த விளக்கு ஏற்றது. இந்தியத் தர அமைவனத்தின் முத்திரையும் பெட்டியில் இருக்க வேண்டும். வெறும் புள்ளிகளாக எல்.இ.டி. தெரியும் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். பால்நிற மூடி கொண்டதே தகும்.

முடிவுரை

மெழுகுவத்தியிடம் ஒளி குறைவு. வாயு விளக்கு வேலை நாளை நீட்டியது. பாதரச ஆவி விளக்கு நிறத்தை மறைத்தது. குழல் விளக்கு ஓடும் சக்கரத்தை நிற்பதாகக் காட்டியது. ஒவ்வொரு புதிய விளக்கும் பழைய குறை ஒன்றை நீக்கியபோதே வேறொரு குறையைக் கொண்டுவந்தது. அக்குறை பெரும்பாலும் விளக்கை விற்றவர் கண்ணில் படாமல், அதன் கீழே நின்று வேலை செய்தவர் கண்ணிலேயே முதலில் பட்டது. நல்ல எல்.இ.டி. விளக்கால் இந்தக் குறைகள் அனைத்தையும் நீக்க முடியும், மட்டமான எல்.இ.டி. விளக்கில் நிறக்குறையும் துடிப்பும் ஒருசேரத் திரும்பி வரவும் முடியும். பெட்டியில் அச்சிட்ட லூமன், நிறங்காட்டுத் திறன், கெல்வின் ஆகிய மூன்று எண்களைப் படித்து, ஒரு பென்சிலை ஆட்டிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். சட்டமும் ஆய்வாளரும் வராத வீட்டுப் பட்டறையில் கண்ணையும் கையையும் காக்கும் முதல் ஏற்பாடு அதுவே.